'எல்லாருக்கும் சமமாக' என்பதை ஆங்கிலத்தில் சரியாக எழுதுவது எப்படி?

அடுக்ககத்து மொட்டைமாடி, விடுதித் தண்ணீர்த் தொட்டி, ஊர்ப் பொதுக்கிணறு, கல்லூரி நூலகம் என்று பலருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் அறிவிப்போ மனுவோ எழுத உட்கார்ந்தால், முதலில் கைக்கு வருவது 'ஈக்வல்' என்ற சொல்தான். அதற்குப் பின்னால் 'டு' வருமா, 'ஃபார்' வருமா? சமம் என்று சொல்ல வந்தது உரிமையையா, அளவையா? இது தெளிவில்லாமல் எழுதும்போது 'ஆல் பீப்பிள்ஸ் ஆர் ஹேவிங் ஈக்வல் ஃபார் வாட்டர்' என்பது போல ஒரு வாக்கியம் வந்து விழுகிறது. நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பது படிப்பவருக்குப் புரியும். ஆனால் என்ன கேட்கிறார் என்பது புரியாது.

மனு என்றால் இது சின்னக் குறை அல்ல. குழாயடிக்கு வர விடுங்கள் என்று கேட்பது ஒரு கோரிக்கை. குடம் கணக்கில் சமமாகக் கொடுங்கள் என்பது இன்னொரு கோரிக்கை. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனி வாக்கிய அமைப்புகள் உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதிவிட்டால், கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டு 'மனு முடிக்கப்பட்டது' என்று அதிகாரி எழுத இடம் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு குழாய், மூன்று கேள்விகள்

தெருமுனையில் ஒரு பொதுக்குழாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். யாரெல்லாம் அதில் தண்ணீர் பிடிக்கலாம்? ஆளுக்கு எத்தனை குடம்? யார் முதலில் பிடிப்பது?

முதல் கேள்விக்கான ஆங்கிலச் சொல் 'ஆக்சஸ்'. ஓர் இடத்துக்குள் போக, ஒரு பொருளை எடுத்துப் பயன்படுத்த முடிகிற நிலை அது. தமிழில் 'அணுகல்' என்கிறோம். இரண்டாம் கேள்விக்கு 'ஷேர்', அதாவது பங்கு. மூன்றாவதற்கு 'டர்ன்', அதாவது முறை.

இந்த மூன்றும் சேர்ந்தே வரும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. தெருவில் எல்லாரும் குழாய்க்கு வரலாம், ஆனால் முந்தி வந்த நாலு வீட்டார் பத்துப் பத்துக் குடம் பிடித்ததும் தண்ணீர் நின்றுவிடுகிறது. இங்கே 'ஈக்வல் ஆக்சஸ்' இருக்கிறது, 'ஈக்வல் ஷேர்' இல்லை. இன்னொரு தெருவில் வீட்டுக்கு மூன்று குடம் கணக்காகக் கிடைக்கிறது. ஆனால் சில வீட்டார் மட்டும் குழாயைத் தொடக்கூடாது, தள்ளி நின்று வேறொருவர் ஊற்ற வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அங்கே பங்கு சமம், அணுகல் சமமில்லை. இந்த இரண்டு அநீதிகளையும் ஒரே 'ஈக்வல்' போட்டு எழுதினால் இரண்டுமே மங்கிப் போகும். ஆகவே பேனாவை எடுக்கும் முன், மூன்று கேள்விகளில் எதற்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

'டு' யாரோடு சேரும்?

தமிழர்கள் செய்யும் பிழைகளில் பல இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கின்றன. தமிழில் 'கு' என்னும் வேற்றுமை உருபு, அதாவது 'எனக்கு', 'மக்களுக்கு' என்று பெயரோடு ஒட்டும் அந்த ஒட்டு, இப்படிப்பட்ட வாக்கியங்களில் ஆளோடு சேர்கிறது: 'எல்லாருக்கும் நூலகத்தைப் பயன்படுத்த உரிமை உண்டு'. ஆங்கிலத்தில் 'கு'வின் வேலையைப் பெரும்பாலும் செய்வது 'டு' என்னும் முன்னிடைச்சொல். பெயருக்கு முன்னால் தனியாக நின்று உறவைக் காட்டும் சிறுசொல்லுக்கு முன்னிடைச்சொல் என்று பெயர். ஆனால் இந்த 'டு' எப்போதும் ஆளோடு சேர்வதில்லை. வாக்கியம் யாரில் அல்லது எதில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து இடம் மாறுகிறது.

ஆளில் தொடங்கினால் 'டு' பொருளோடு சேரும்: 'ஆல் ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் ஈக்வல் ஆக்சஸ் டு த லைப்ரரி'. பொருளில் தொடங்கினால் 'டு' ஆளோடு சேரும்: 'த லைப்ரரி இஸ் ஓப்பன் டு ஆல் ஸ்டூடன்ட்ஸ்'. 'ஓப்பன் டு' இருக்கும் இடத்தில் 'அவைலபிள் டு', 'அக்சஸிபிள் டு' என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை.

இரண்டையும் ஒரே ஆவணத்தில் பார்க்க விரும்பினால், ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பர் 10 அன்று ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தைப் புரட்டலாம். அதன் 21ஆம் பிரிவு ஆளில் தொடங்குகிறது: 'எவ்ரிஒன் ஹேஸ் த ரைட் ஆஃப் ஈக்வல் ஆக்சஸ் டு பப்ளிக் சர்வீஸ் இன் ஹிஸ் கன்ட்ரி'. 26ஆம் பிரிவு உயர்கல்வியைப் பற்றிப் பேசும்போது பொருளில் தொடங்குகிறது. உயர்கல்வி, தகுதியின் அடிப்படையில், 'ஈக்வலி அக்சஸிபிள் டு ஆல்' ஆக இருக்க வேண்டும் என்கிறது. முதலாவதில் 'டு'வுக்குப் பின் வருவது அரசுப் பணி. இரண்டாவதில் 'டு'வுக்குப் பின் வருவது மக்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் மனப்பாடம் செய்துகொண்டால், மற்ற எந்தப் பொதுப்பொருளைப் பற்றியும் அதே அச்சில் வார்த்துக்கொள்ளலாம்.

இதே வாக்கியங்கள் இன்னொன்றையும் காட்டுகின்றன. ஓரிடத்தில் 'ஈக்வல்', ஓரிடத்தில் 'ஈக்வலி'. 'ஆக்சஸ்' பெயர்ச்சொல், ஆகவே அதற்கு முன்னால் 'ஈக்வல்'. 'அக்சஸிபிள்' பெயரைச் சிறப்பிக்கும் பெயரடை, ஆகவே அதற்கு முன்னால் 'ஈக்வலி'. 'ஈக்வலி ஆக்சஸ் டு வாட்டர்' என்று எழுதினால் தவறு.

மூன்றாவது அமைப்பு, ஒருவர் மற்றவருக்கு அணுகல் கொடுப்பது. 'கிவ்' என்ற வினையில் ஆள் முதலில், 'ஆக்சஸ்' பிறகு: 'கிவ் ஆல் ரெசிடென்ட்ஸ் ஆக்சஸ் டு த டெரஸ்'. 'ப்ரொவைட்' என்றால் நடுவில் ஒரு 'வித்' வேண்டும்: 'ப்ரொவைட் ஆல் ரெசிடென்ட்ஸ் வித் ஆக்சஸ் டு த டெரஸ்'. அந்த 'வித்'தை விட்டுவிடுவது மிகப் பரவலான பிழை.

'ஆக்சஸ்' செய்யும் இரண்டு தொல்லைகள்

முதல் தொல்லை, 'ஒரு' என்ற பொருளில் பெயருக்கு முன்னால் வரும் 'ஆன்'. 'ஆக்சஸ்' எண்ண முடியாத பெயர். தண்ணீர், காற்று போல. ஆகவே 'ஆன் ஈக்வல் ஆக்சஸ்' என்று எழுதக்கூடாது, வெறும் 'ஈக்வல் ஆக்சஸ்'தான். இந்தப் பொருளில் அதற்குப் பன்மையும் கிடையாது. ஆனால் 'ஷேர்', 'ரைட்' இரண்டும் எண்ணக்கூடியவை, அங்கே ஒருமையில் பொதுவாக 'ஆன்' வரும்: 'ஆன் ஈக்வல் ஷேர்', 'ஆன் ஈக்வல் ரைட்'.

இரண்டாம் தொல்லை, அதே சொல் வினையாகவும் வருவது. வினையாக வரும்போது 'டு' கிடையாது. 'யூ கேன் ஆக்சஸ் த ஃபைல்' சரி. 'யூ கேன் ஆக்சஸ் டு த ஃபைல்' தவறு. முன்னால் 'ஹேவ்', 'கெட்', 'கெய்ன்', 'கிவ்' போன்ற ஒரு வினை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'ஆக்சஸ்' பெயர், 'டு' போடுங்கள். 'ஆக்சஸ்' தானே வினையாக நின்றால் 'டு'வை எடுத்துவிடுங்கள்.

'ஆக்சஸ்' என்பதையும் 'டு' என்பதையும் ஒட்டியே வைக்க வேண்டும் என்பதில்லை. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவில் இரண்டுக்கும் நடுவே ஒரு தொடர் வந்து நிற்கிறது: 'ஆக்சஸ், ஆன் ஆன் ஈக்வல் பேஸிஸ் வித் அதர்ஸ், டு த ஃபிசிக்கல் என்விரான்மென்ட்'. 'மற்றவர்களோடு சமநிலையில்' என்பது அந்த நடுத்தொடரின் பொருள். சமம் என்றால் யாரோடு சமம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. சாய்தளம், மின்தூக்கி, பேருந்துப் படி பற்றி மனு எழுதுபவர்கள் இந்தத் தொடரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆள் முன்னால் வந்தால் 'ஹேவ் ஈக்வல் ஆக்சஸ் டு' என்று எழுதிப் பொருளைச் சேர்க்க வேண்டும், பொருள் முன்னால் வந்தால் 'இஸ் ஓப்பன் டு' என்று எழுதி ஆளைச் சேர்க்க வேண்டும். பெயராக வரும் 'ஆக்சஸ்'ஸுக்கு 'ஆன்' வேண்டாம். வினையாக வரும் 'ஆக்சஸ்'ஸுக்கு 'டு' வேண்டாம்.

உரிமை இருப்பதும் கைக்கு எட்டுவதும்

'ஹேவ் த ரைட் டு யூஸ்' என்பதும் 'ஹேவ் ஆக்சஸ் டு' என்பதும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவது சட்டமோ விதியோ கொடுத்த உரிமை. இரண்டாவது, நடைமுறையில் போய்ப் பயன்படுத்த முடிவது. இந்த வித்தியாசம் வெறும் இலக்கணம் அல்ல என்பதற்கு மகாராஷ்டிரத்தின் மகாத் ஊர்க் குளமே சாட்சி. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. ஆயினும் 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய் அந்த ஊரின் சவ்தார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அந்தக் குளத்தைப் பற்றிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது 1937இல். அந்தப் பதினான்கு ஆண்டுகளை ஆங்கிலத்தில் ஒரு வரியில் எழுதலாம்: 'தே ஹேட் த ரைட் டு யூஸ் த டேங்க், பட் தே டிட் நாட் ஹேவ் ஆக்சஸ் டு இட்'.

இந்த அனுபவத்தின் தடம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவில் தெரிகிறது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக்கூடாது என்று சொல்லும் அந்தப் பிரிவு, இரண்டு பட்டியல் தருகிறது. கடைகள், உணவகங்கள், விடுதிகள் உள்ள முதல் பட்டியல் 'ஆக்சஸ் டு ஷாப்ஸ்' என்று தொடங்குகிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை உள்ள இரண்டாவது பட்டியல் 'த யூஸ் ஆஃப் வெல்ஸ், டேங்க்ஸ், பேத்திங் காட்ஸ், ரோட்ஸ்' என்று தொடங்குகிறது. கடைக்குள் நுழைய விட்டாலே பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். கிணற்றடிக்குப் போய் நிற்பது மட்டும் போதாது, தண்ணீர் இறைக்கவும் முடிய வேண்டும். நீர்நிலையைப் பற்றி எழுதும்போது 'த யூஸ் ஆஃப்' சேர்ப்பதே வலுவானது என்பது என் கருத்து.

பாகுபாடு கூடாது என்று சேர்க்க நினைத்தால் 'ரிகார்ட்லெஸ் ஆஃப் காஸ்ட்' அல்லது 'இர்ரெஸ்பெக்டிவ் ஆஃப் காஸ்ட்' என்று எழுதலாம். இரண்டிலும் 'ஆஃப்' கட்டாயம்.

பங்கு பற்றிச் சொல்லும்போது

இங்கே 'ஆஃப்' முக்கியம்: 'ஈச் ஹவுஸ்ஹோல்ட் கெட்ஸ் ஆன் ஈக்வல் ஷேர் ஆஃப் த வாட்டர்'. 'ஈச்' வந்தால் வினை ஒருமையில், அதனால்தான் 'கெட்ஸ்'. பிரிப்பவரின் பக்கமிருந்து சொன்னால் 'த வாட்டர் இஸ் டிவைடட் ஈக்வலி அமங் த ஹவுஸ்ஹோல்ட்ஸ்'. இருவர் என்றால் 'பிட்வீன்', இருவருக்கு மேல் 'அமங்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது முழு உண்மை அல்ல. பெயர் சொல்லித் தனித்தனியாக எண்ணினால், நான்கு பேர் ஆனாலும் 'பிட்வீன்' எழுதலாம். கூட்டமாகச் சொன்னால் 'அமங்'.

கூடவே, 'ஈக்வல்' என்ற சொல்லைவிட எண் வலிமையானது. 'ஈச் ஃப்ளாட் கெட்ஸ் 500 லிட்டர்ஸ் எ டே' என்று எழுதிவிட்டால் பிறகு சண்டைக்கு இடமில்லை.

'ஈக்வல்' வேறு, 'எக்விட்டபிள்' வேறு. ஒரே அளவு என்பது 'ஈக்வல்'. தேவை, நிலை, பழைய பயன்பாடு முதலியவற்றைப் பார்த்து நியாயமாகப் பிரிப்பது 'எக்விட்டபிள்'. நாடுகளுக்கிடையே ஓடும் ஆறுகளைப் பற்றிய 1997ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை பயன்படுத்துவது இரண்டாவது சொல்லை: 'எக்விட்டபிள் அண்ட் ரீசனபிள்'. காவிரித் தீர்ப்பைப் பார்த்தாலே வித்தியாசம் விளங்கும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 740 டி.எம்.சி. நீரில் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. மீதி சுற்றுச்சூழலுக்கும், கடலில் தவிர்க்க முடியாமல் கலக்கும் நீருக்கும். 'ஈக்வல் ஷேர்' என்றால் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே அளவு என்றாகும். அதை யாருமே கேட்கவில்லை. நதிநீர் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் நம்மவர்கள் 'ஈக்வல் ஷேர்' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அந்தச் சொல் நம் வழக்கையே கெடுக்கும்.

முறை வைத்தல்

ஒருவர் பின் ஒருவராக என்பதற்கு 'டேக் டர்ன்ஸ்': 'த ஃபேமிலீஸ் டேக் டர்ன்ஸ் யூசிங் த பம்ப்'. பின்னால் வரும் வினையில் 'இங்' சேரும். பிரிட்டிஷ் வழக்கில் 'டேக் இட் இன் டர்ன்ஸ் டு யூஸ்' என்பதும் உண்டு. வாரமுறை, நாள்முறை வைத்தால் 'ஆன் எ ரொடேஷனல் பேஸிஸ்'.

முந்தி வருபவருக்கு முதலில் என்பது 'ஆன் எ ஃபர்ஸ்ட் கம், ஃபர்ஸ்ட் சர்வ்ட் பேஸிஸ்'. இரண்டாவது 'ஃபர்ஸ்ட்'டுக்குப் பின் வருவது 'சர்வ்' அல்ல, 'சர்வ்ட்'. பரிமாறப்படுபவர் என்ற பொருள் அதில்தான் இருக்கிறது. இது சமத்துவத்துக்கு உத்தரவாதம் தரும் தொடர் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதிகாலையில் வர முடியாத கூலித் தொழிலாளிக்கு இந்த விதி எப்போதுமே பாதகம்தான்.

ஏமாற்றும் மூன்று தொடர்கள்

'எல்லாருக்கும் இலவசம்' என்று நினைத்து 'இட் இஸ் எ ஃப்ரீ ஃபார் ஆல்' என்று எழுதிவிடுகிறார்கள். முன்னால் 'எ' வந்து, இணைப்புக்குறியோடு ஒரே பெயராக நின்றால் அதன் பொருள் கட்டுப்பாடற்ற அடிதடி, ஆளாளுக்கு அள்ளிக்கொள்வது. இலவசம் என்று சொல்ல 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' போதும்.

'ஓப்பன் ஆக்சஸ்' என்பதும் 'ஈக்வல் ஆக்சஸ்' அல்ல. பொருளியலில், யாரையும் தடுக்க விதியே இல்லாத வளத்தை 'ஓப்பன் ஆக்சஸ்' என்பார்கள். கரையிலிருந்து தொலைவிலுள்ள ஆழ்கடல் மீன்வளத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஓர் ஊரார் மட்டும், தங்களுக்குள் விதி வைத்துப் பயன்படுத்தும் ஏரி அந்த வகையில் சேராது. அது 'காமன் ப்ராப்பர்ட்டி'. 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் தன் ஆய்வுகளில் வலியுறுத்திய வேறுபாடுகளில் இதுவும் ஒன்று. இதழ்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் பற்றிப் பேசும்போது மட்டும் 'ஓப்பன் ஆக்சஸ்' என்றால் காசில்லாமல் படிக்கலாம் என்று பொருள்.

மூன்றாவது, 'எவ்ரிஒன் இஸ் நாட் அலவ்ட்'. யாருக்குமே அனுமதி இல்லையா, சிலருக்கு மட்டும் உண்டா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். யாருக்கும் இல்லை என்றால் 'நோ ஒன் இஸ் அலவ்ட்'. சிலருக்கு மட்டும் உண்டு என்றால் 'நாட் எவ்ரிஒன் இஸ் அலவ்ட்'. 'எவ்ரிஒன்' ஒருமை வினை கேட்கும், 'ஆல் ரெசிடென்ட்ஸ்' பன்மை வினை கேட்கும். 'பீப்பிள்ஸ்' வேண்டவே வேண்டாம். அது 'மக்களினங்கள்' என்று பொருள் தரும்.

ஓர் அறிவிப்பைத் திருத்திப் பார்ப்போம்

அடுக்ககங்களில் ஒட்டப்படும் அறிவிப்புகளின் பாணியில் ஒன்று: 'டெரஸ் இஸ் காமன் ஃபார் ஆல். ஆல் ஓனர்ஸ் ஆர் ஹேவிங் ஈக்வல் ரைட்ஸ் ஃபார் யூசிங். வாட்டர் வில் பி கிவன் ஈக்வல். எவ்ரிஒன் ஷுட் நாட் லாக் த டோர்.'

முதல் வாக்கியம் பொருளில் தொடங்குகிறது. ஆகவே 'த டெரஸ் இஸ் ஓப்பன் டு ஆல் ரெசிடென்ட்ஸ்'. இரண்டாவதில் 'ஆர் ஹேவிங்' தவறு. உடைமையைக் குறிக்கும் 'ஹேவ்' தொடர்வினையாக வராது. 'ரைட்'டுக்குப் பின் வினை வந்தால் 'டு' வேண்டும்: 'ஆல் ரெசிடென்ட்ஸ் ஹேவ் ஆன் ஈக்வல் ரைட் டு யூஸ் இட்'. மூன்றாவதில் 'கிவன்' என்ற வினையைச் சிறப்பிக்க 'ஈக்வலி' வேண்டும். ஆனால் 'த வாட்டர் வில் பி டிவைடட் ஈக்வலி அமங் த ஃப்ளாட்ஸ்' என்பதே இயல்பு. நான்காவது, 'நோ ஒன் ஷுட் லாக் த டோர்'.

இலக்கணத்துக்கு வெளியே ஒரு மாற்றமும் செய்திருக்கிறோம். மூல அறிவிப்பில் இருந்தது 'ஓனர்ஸ்', அதாவது வீட்டுக்கு உரிமையாளர்கள். அப்படியே விட்டிருந்தால், இலக்கணம் முழுக்கச் சரியாக இருந்தாலும், வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கு மொட்டைமாடியில் துணி காயப்போட இடமில்லை என்றாகியிருக்கும். 'ரெசிடென்ட்ஸ்' என்றால் அங்கே குடியிருப்பவர் எல்லாரும் அடக்கம்.